லாபம் இருந்தது, சம்பளம் போடப் பணம் இல்லை: கருத்தரங்குகளில் பொருளாதாரம் கற்பது எப்படி?

“எங்கள் கம்பெனியில் விற்பனை மிக அதிகமாக நடந்தது அந்த ஆண்டுதான். கம்பெனியை இழுத்து மூடவேண்டி வருமோ என்று நான் தூக்கமில்லாமல் கிடந்ததும் அதே ஆண்டுதான்.”

இயந்திர உதிரி பாகங்கள் தயாரிக்கும் ஒருவர் மேடையில் இப்படிப் பேச்சைத் தொடங்கினார். நான் கலந்துகொண்ட முதல் தொழில்சார் கருத்தரங்கு அது. அதுவரை பொருளாதாரம் என்றால் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் படம்தான் என் நினைவுக்கு வரும். விற்பனை குறைந்து நொடித்துப்போன நிறுவனங்களைப் பற்றிப் படித்திருந்தேன். விற்பனை கூடியதால் ஒரு நிறுவனம் எப்படி நொடியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அவர் பலகையில் எண்களை எழுதினார். மாதம் 100-க்குச் சரக்கு விற்கிறார். அதைத் தயாரிக்க 80 ஆகிறது. மூலப்பொருள், கூலி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் அந்தந்த மாதமே பணம் கொடுத்தாக வேண்டும். வாங்குபவர்களோ மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார்கள். ஆக, முதல் மூன்று மாதங்களில் கையை விட்டுப் போனது 240. கைக்கு வந்தது ஒன்றுமில்லை. நான்காவது மாதம் ஒரு பெரிய ஆர்டர் கிடைக்கிறது. விற்பனை 200 ஆகிறது, செலவும் 160 ஆகிறது. ஆனால் அந்த மாதம் வசூலாவது முதல் மாதத்துப் பாக்கியான 100 மட்டும்தான். 60 துண்டு விழுகிறது. ஐந்தாவது மாதமும் 60, ஆறாவது மாதமும் 60.

ஆறாவது மாத முடிவில் கணக்குப் பார்த்தால், பெட்டியிலிருந்து போனது மொத்தம் 420. அதே நாளில் லாப நட்டக் கணக்கு 180 லாபம் என்று காட்டுகிறது. இரண்டு எண்களுமே சரியானவை. வெளியே வரவேண்டிய பாக்கி 600 நிற்கிறது. அதில் 420-ஐக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த 180. ஏழாவது மாதத்திலிருந்து 200 வந்து 160 போகும், மாதம் 40 மிஞ்சும். பழைய பள்ளம் தூர அதன்பிறகும் 11 மாதங்கள் ஆகும். இடையில் இன்னொரு பெரிய ஆர்டர் வந்து, மகிழ்ச்சியோடு அதையும் ஒப்புக்கொண்டால் பள்ளம் மேலும் ஆழமாகும்.

“லாபம் இருந்தது. சம்பளம் போடப் பணம் இல்லை,” என்றார் அவர். இதற்குப் பெயர் நடைமுறை மூலதனப் பற்றாக்குறை. அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. ‘நடப்புச் சொத்துகளிலிருந்து நடப்புக் கடன்களைக் கழித்தால் கிடைப்பது’ என்று வரையறையை மனப்பாடமாகச் சொல்லத் தெரியும். ஆனால் ஒரு சொல்லுக்குப் பின்னால் சம்பள நாளும், காத்திருக்கும் தொழிலாளர்களும், பாக்கி கேட்டுப் பேசிய தொலைபேசி அழைப்புகளும் இருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கருத்தரங்குகளின் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவராக இருக்கலாம், சிறு தொழில் தொடங்க நினைப்பவராக இருக்கலாம், வேலையில் இருந்துகொண்டே ‘இந்த நிறுவனம் எப்படித்தான் ஓடுகிறது’ என்று யோசிப்பவராக இருக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது, எதைக் கேட்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

பாடநூலும் மேடையும்

பாடநூலைக் குறை சொல்வதற்கில்லை. சொற்களையும் சட்டகத்தையும் அதுதான் தருகிறது. அது இல்லாமல் கருத்தரங்கில் உட்கார்ந்தால் பேச்சு காதில் விழும், மனத்தில் தங்காது. வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. பாடநூல் எல்லாம் நடந்து முடிந்தபின் எழுதப்படுவது. அதில் வரும் கணக்கில் தேவையான எண்கள் எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கும், விடை ஒன்றுதான் தெரியாது. தொழிலில் எண்களே பாதிதான் கிடைக்கும். வாங்குபவர் சொன்ன தேதியில் பணம் தருவாரா, மூலப்பொருள் விலை ஏறுமா, போட்டியாளர் அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறார் என்பதெல்லாம் தெரியாத நிலையில், வெள்ளிக்கிழமைக்குள் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படிப் பதில் சொன்ன மனிதர் நேரில் வந்து, அன்றைக்குத் தமக்கு என்ன தெரிந்திருந்தது, எது தெரியவில்லை, ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று சொல்வதுதான் நல்ல தொழில்சார் கருத்தரங்கு. வேறெங்கும் எளிதில் கிடைக்காதது இது ஒன்றுதான். மற்ற தகவல்களைப் புத்தகத்திலும் பத்திரிகையிலும் தேடிக்கொள்ளலாம்.

செமினார் என்ற சொல் ‘செமினாரியம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு நாற்றங்கால் என்று பொருள். விதையைத் தெளித்து, முளைத்து வரும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் இடம். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சொல்லை வகுப்பறைக்குக் கொண்டுவந்தபோது, ஆசிரியர் பேச மாணவர்கள் எழுதிக்கொள்ளும் விரிவுரைக்கு மாறாக, ஒரு சிறு குழு ஒன்றாக உட்கார்ந்து ஆராய்ந்து வாதிடுவதையே குறித்தார்கள். கருத்தரங்கு என்ற தமிழ்ச் சொல்லிலும் அரங்கு இருக்கிறது. நடுவில் கருத்து, சுற்றிலும் பேசுகிறவர்கள். இன்று கருத்தரங்கு என்ற பெயரில் நடக்கும் பல நிகழ்ச்சிகள் வெறும் விரிவுரைகளாகச் சுருங்கிவிட்டன என்பது என் வருத்தம்.

தொழில் கல்வியில் இந்தப் பழைய பொருளை மீட்டுக் கொடுத்ததில் ஹார்வர்ட் வணிகப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. 1908-இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, 1921-இல் தன் முதல் ‘கேஸ்’ பாடத்தை வெளியிட்டது. ஒரு காலணி நிறுவனத்தின் உண்மையான சிக்கல் அதன் பொருள். வழக்குகளைப் படித்தே சட்டம் கற்கும் முறையை அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் கிறிஸ்டோபர் லாங்டெல் 1870-களில் தொடங்கியிருந்தார். அங்கிருந்து கடன் வாங்கிய வழி இது. நிறுவனத்தின் நிலைமையைச் சொல்லிவிட்டு, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கதை நின்றுவிடும். ‘நீங்கள் மேலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேள்வி மட்டும் வரும்.

எதிரே யாருமில்லாத எதிரி

பேச்சைக் கேட்பதைவிட ஆழமாகக் கற்பிப்பவை, பயிலரங்குகளில் நடக்கும் விளையாட்டுகள். எனக்கு மிகப் பிடித்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரும் அவருடைய குழுவினரும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய ‘பீர் விளையாட்டு’. பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பெட்டி பெட்டியாக நகரும் எந்தச் சரக்கை வைத்தும் ஆடலாம்.

ஒரு மேசையில் நான்கு பேர். ஒருவர் சில்லறைக் கடைக்காரர், அடுத்தவர் மொத்த வியாபாரி, அதற்கடுத்தவர் விநியோகஸ்தர், கடைசியில் தொழிற்சாலை. ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரம். வாடிக்கையாளர் எத்தனை பெட்டி கேட்கிறார் என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரியும். மற்ற மூவரும் தமக்கு அடுத்த கையிலிருந்து வரும் ஆர்டர் சீட்டை மட்டுமே பார்க்கலாம். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் பிடிக்கும். ஒரு பெட்டி தேங்கினாலும் செலவு, கேட்டபோது இல்லாமல் போனால் அதைப்போல இரண்டு மடங்கு செலவு. நால்வரின் மொத்தச் செலவைக் குறைத்தால் வெற்றி.

நான் விநியோகஸ்தராக உட்கார்ந்தேன். முதல் சில வாரங்கள் அமைதியாகப் போயின. பிறகு எனக்கு வந்த ஆர்டர் மெல்ல ஏறியது. நான் கேட்ட சரக்கு வரவில்லை. கூடுதலாகக் கேட்டேன். அப்போதும் வரவில்லை. இன்னும் கூடுதலாகக் கேட்டேன். என் முன்னால் தீர்க்காத ஆர்டர்கள் குவிந்தன. திடீரென ஒரு வாரத்தில் நான் கேட்டதெல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது. அதே வாரத்தில் மொத்த வியாபாரி ஆர்டர் போடுவதையே நிறுத்திவிட்டார். அவருக்கும் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கியிருந்தது. வாடிக்கையாளரின் விருப்பம் தலைகீழாக மாறிவிட்டது என்றே நான் உறுதியாக நம்பினேன்.

ஆட்டம் முடிந்ததும் நடத்துநர் வாடிக்கையாளர் கேட்ட எண்ணிக்கையைப் பலகையில் எழுதினார். முதல் நான்கு வாரங்களுக்கு வாரம் 4 பெட்டி. ஐந்தாவது வாரத்திலிருந்து கடைசிவரை வாரம் 8 பெட்டி. அவ்வளவுதான். ஒரே ஒரு முறை ஏறி, அதற்குப் பிறகு அசையவே இல்லை. நாங்கள் அனுபவித்த பஞ்சமும் வெள்ளமும் நாங்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்டவை.

இதைத்தான் சாட்டையடி விளைவு என்கிறார்கள். கைப்பிடியில் மணிக்கட்டு சிறிது அசைந்தால் சாட்டையின் நுனி வீறிட்டு வீசும். கடையிலிருந்து தொழிற்சாலையை நோக்கிப் போகப் போக ஆர்டரின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளின் டயபர் விற்பனையில் இதை நேரில் கண்டது: குழந்தைகள் டயபர் பயன்படுத்தும் வேகம் ஏறக்குறைய ஒரே சீரானது, ஆனால் மேலே போகப் போக ஆர்டர்கள் தாறுமாறாக ஆடின. இந்த விளையாட்டைப் பல அணிகளை ஆடவைத்து ஆராய்ந்த ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட முடிவின்படி, அணிகளுக்கு ஆன சராசரிச் செலவு, செய்திருக்கக்கூடிய குறைந்தபட்சச் செலவைப்போல ஏறக்குறைய 10 மடங்கு.

செய்தித்தாளில் ‘தட்டுப்பாடு’ என்று படிக்கும்போதெல்லாம், பதுக்குபவர் யார் என்று தேடுவது என் பழைய வழக்கம். அந்த மேசையிலிருந்து எழுந்த பிறகு முதலில் வேறொன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: எத்தனை பேர் பயத்தில் இரண்டு மடங்கு ஆர்டர் போட்டிருப்பார்கள்? பதுக்கல் உண்மையிலேயே நடப்பதும் உண்டு. ஆனால் ஒருவரும் தீமை நினைக்காமலேயே தட்டுப்பாடு வரும் என்பதை உடம்பால் உணர்ந்துவிட்டேன்.

இன்னொரு விளையாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணாடி ஜாடி நிறைய நாணயங்கள். உள்ளே எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொருவரும் மதிப்பிட்டு, மூடிய உறையில் ஏலத்தொகை எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகத் தொகை எழுதியவர் அந்தத் தொகையைக் கொடுத்து, ஜாடியின் மதிப்பைப் பெற்றுக்கொள்வார். மாக்ஸ் பேசர்மனும் வில்லியம் சாமுவேல்சனும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் மேலாண்மை மாணவர்களிடம் இப்படி 8 டாலர் மதிப்புள்ள ஜாடிகளை ஏலம் விட்டார்கள். மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர், அதாவது சராசரியாகப் பார்த்தால் குறைத்தே மதித்தார்கள். ஆனாலும் ஏலத்தில் வென்ற தொகையின் சராசரி 10.01 டாலர். வென்றவர் சராசரியாக 2 டாலர் இழந்தார். ஏன்? கூட்டத்தில் ஜாடியின் மதிப்பை மிக அதிகமாகக் கூட்டித் தப்புக்கணக்குப் போட்டவரே ஏலத்தில் வெல்கிறார். ‘வென்றவரின் சாபம்’ என்று இதற்குப் பெயர்.

இந்தக் கருத்தை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் என்ற எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்களான கேப்பன், கிளாப், கேம்பெல் மூவரும் 1971-இல் எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் வென்ற நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் கிடைப்பதில்லை என்பதே அவர்களுடைய கேள்வி. தொழிலில் அடிபட்டவர்கள் கண்டுபிடித்ததைப் பிறகு கல்வியுலகம் எடுத்துக்கொண்டது. கருத்தரங்கு இந்த இரு சாராரும் சந்திக்கும் இடம் என்பதால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

2005, ஜாக்சன் ஹோல்

கருத்தரங்கின் முழு ஆற்றலையும் அறிய ஓர் உண்மை நிகழ்வைப் படித்தாலே போதும். அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் கான்சஸ் சிட்டி கிளை ஆண்டுதோறும் வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் ஹோல் என்ற மலைப் பகுதியில் ஒரு கருத்தரங்கை நடத்துகிறது. பல நாடுகளின் மத்திய வங்கித் தலைவர்கள் வருவார்கள். 2005 ஆகஸ்ட் கூட்டம், ஓய்வுபெறவிருந்த அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானின் காலத்தை மதிப்பிடும் கூட்டமாக அமைந்தது. அங்கே கட்டுரை வாசித்தவர், அப்போது சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்த ரகுராம் ராஜன். பின்னாளில், 2013 முதல் 2016 வரை, இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர்.

நிதித்துறையின் வளர்ச்சி உலகை ஆபத்து மிகுந்ததாக ஆக்கிவிட்டதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. ஆம், ஆக்கியிருக்கலாம் என்றார். அவர் காட்டிய காரணம் எந்தத் தொடக்கநிலை மாணவருக்கும் புரியும். நிதி மேலாளர்களுக்கு இந்த ஆண்டு லாபத்தைப் பார்த்து இந்த ஆண்டே ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். எப்போதாவது ஒருமுறை மட்டுமே வெடிக்கும் ஆபத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டால், வெடிக்காத ஆண்டுகளில் எல்லாம் அவர் திறமைசாலியாகத் தெரிவார். வெடிக்கும்போது ஊக்கத்தொகை ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருக்கும். மற்ற எல்லோரும் அதையே செய்யும்போது ஒருவர் மட்டும் ஒதுங்கினால் அவர் பின்தங்கியவராகத் தெரிவார். ஆகவே அவரும் சேர்ந்துகொள்வார். வங்கிகளும் இந்த ஆபத்தில் ஒரு பகுதியைத் தம்மிடமே வைத்திருப்பதால், நெருக்கடி வரும்போது ஒன்றையொன்று நம்பாமல் கடன் கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்றும் எச்சரித்தார்.

அரங்கில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ், கட்டுரையின் அடிப்படையே தவறான திசையில் போகிறது என்று வாதிட்டார். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி வீழ்ந்து, வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்க அஞ்சியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அந்த உரையை உலகம் திரும்ப எடுத்துப் படித்தது.

ராஜன் சொன்னது சரியாகிவிட்டது என்பதோடு இந்தக் கதையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிட முக்கியம், அந்த அரங்கில் இருந்தவர்களின் நிலை. உலகின் மிகக் கூர்மையான மூளைகள் சில அங்கே இருந்தன. அன்று கையிலிருந்த சான்றுகளைக் கொண்டு அவர்கள் எதிர்த்தார்கள். அதுவரை பல ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே நடந்திருந்தது. இந்தக் கருத்தரங்கின் கட்டுரைகள், மறுமொழிகள், விவாதம் எல்லாவற்றையும் நடத்துபவர்களே வெளியிடுகிறார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு, 2008 என்று ஒன்று இருந்ததை மறந்து, விவாதத்தைப் படித்துப் பாருங்கள். நான் அந்த அரங்கில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேடையில் சொல்லப்படாதவை

பேச வருபவர்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தவர்கள். ‘துணிந்து கடன் வாங்கினேன், வென்றேன்’ என்று சொல்ல ஒருவர் வருவார். அதே துணிவோடு அதே அளவு கடன் வாங்கித் தொழிலை இழந்தவருக்கு அழைப்பிதழ் போவதில்லை. ஆகவே வெற்றிக்கதை கேட்கும்போது, இதையே செய்து தோற்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் தெரியாவிட்டாலும், அந்தக் கேள்வி நம் கையைப் பிடித்து நிறுத்தும்.

சில அரங்குகளில் தொடக்கத்திலேயே ‘சாதம் ஹவுஸ் விதி பொருந்தும்’ என்று அறிவிப்பார்கள். லண்டனில் உள்ள சாதம் ஹவுஸ் ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்த விதி அது. கேட்ட தகவலை வெளியே பயன்படுத்திக்கொள்ளலாம், யார் சொன்னார் என்பதையோ அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையோ வெளியிடக் கூடாது. தோல்வியைப் பற்றி மனம்விட்டுப் பேச இந்தப் பாதுகாப்பு தேவைப்படுகிறது. புதிதாக வருகிறவர்கள் உற்சாகத்தில் படம் எடுத்துப் பகிர்ந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் வாயைத் திறப்பதில்லை.

இன்னொரு மௌனத்துக்குச் சட்டமே காரணம். ஒரே தொழிலில் போட்டியிடுகிறவர்கள் கூடும் அரங்கில், ‘அடுத்த காலாண்டில் என்ன விலை வைப்பீர்கள்?’ என்று யாராவது கேட்டால் பேச்சாளர் பேச்சை மாற்றிவிடுவார். அது நல்லது. போட்டியாளர்கள் கூடி விலை பேசுவது பல நாடுகளில் குற்றம். கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் லைசின் என்ற பொருளின் உலக விலையை 1990-களில் சில நிறுவனங்கள் கூடிப் பேசி நிர்ணயித்தன. அந்தச் சந்திப்புகளுக்குத் தொழில் சங்கக் கூட்டம் என்ற போர்வையைப் பயன்படுத்திக்கொண்டன. அந்தப் பேச்சுகளை அமெரிக்க எஃப்.பி.ஐ. ரகசியமாகப் பதிவு செய்துவிட்டது. 1996-இல் அவற்றில் ஒன்றான ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லாண்ட் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இதேபோன்ற சிட்ரிக் அமில வழக்கையும் சேர்த்து, 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. தொழில் சங்கக் கூட்டங்களில் முதல் பத்து நிமிடம் ஒரு வழக்கறிஞர் எச்சரிக்கை வாசிப்பதைப் பார்த்தால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

கட்டணமே இல்லாமல், வாசலில் வரவேற்று உட்காரவைக்கும் சில கூட்டங்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு மணி நேரம் பொருளாதாரம் போலவே இருக்கும். பணவீக்கம் சேமிப்பை எப்படித் தின்கிறது என்று சரியாகவே விளக்குவார்கள். பிறகு மெல்ல ஒரு முதலீட்டுத் திட்டமோ பல மடங்கு விலையுள்ள அடுத்தகட்டப் பயிற்சியோ மேசைக்கு வரும். ‘இன்று இரவுக்குள் சேர்ந்தால் மட்டும் சலுகை’ என்பார்கள். ராஜன் நிதி மேலாளர்களைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்: இவருக்கு எப்போது, எதற்காகப் பணம் கிடைக்கிறது? நான் கையெழுத்துப் போடும் நொடியில் அவருக்குப் பணம் கிடைத்து, பலன் தெரிய எனக்குப் பத்து ஆண்டுகள் ஆகுமென்றால், அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுவதே சரி. அவசரப்படுத்துகிற எவரிடமும் அன்றே பணம் கொடுக்காதீர்கள்.

போவதற்கு முன்னும் போன பிறகும்

தயாரிப்பு பெரிதாக ஒன்றும் தேவையில்லை. மாறாச் செலவு, மாறும் செலவு, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, வாய்ப்புச் செலவு ஆகிய ஐந்து சொற்கள் தெரிந்தால் முக்கால்வாசிப் பேச்சு புரியும். வாய்ப்புச் செலவை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட நேர்ந்த அடுத்த நல்ல வழியின் மதிப்பு. தன் சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்துகிறவர் ‘எனக்கு வாடகைச் செலவே இல்லை’ என்றால், அதை வாடகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள். பேச்சாளரின் நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் அதன் ஆண்டறிக்கையை ஒரு மணி நேரம் புரட்டுங்கள். லாபத்தையும், செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருந்தால் உங்கள் கேள்வி தயார்.

கேள்வி நேரத்தை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் கருத்தரங்கின் நல்ல பகுதியை விட்டுவிட்டுப் போகிறார்கள். மேடைப் பேச்சு தயாரித்துக் கொண்டுவரப்படுவது. பதில் அங்கேயே பிறப்பது. ‘வெற்றிக்கு என்ன காரணம்?’ என்று கேட்டால் உழைப்பு, நேர்மை, குழு என்ற பதில்தான் வரும். அவை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. முடிவெடுத்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அன்று உங்கள் முன்னால் இருந்த வழிகள் எவை? எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுத்தீர்கள்? யார் வேண்டாம் என்றார், ஏன்? எந்த எண் தப்பாகப் போனது? இப்படிக் கேட்டால் பேச்சாளர் ஒரு கணம் மேலே பார்ப்பார். நினைவிலிருந்து எடுக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றிரவே குறிப்புகளை ஒருமுறை திரும்ப எழுதுவது என் வழக்கம். பேச்சாளர் சொன்ன வரிசையில் எழுதாமல், அவர் எடுத்த ஒரே ஒரு முடிவை நடுவில் வைத்து எழுதுவேன். அன்று தெரிந்தவை இடப்பக்கம், தெரியாதவை வலப்பக்கம். வலப்பக்கம் காலியாக இருந்தால், பேச்சாளர் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார், அல்லது நான் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

அந்த உதிரி பாகத் தொழிலதிபரின் கூட்டத்தில் கடைசிக் கேள்வியைக் கேட்டது பின்வரிசையில் இருந்த ஒரு இளம்பெண். “ஐயா, அந்தப் பெரிய ஆர்டர் இன்றைக்கு வந்தால் வேண்டாம் என்பீர்களா?”

அவர் சிறிது நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லையம்மா, வாங்கிக்கொள்வேன். ஆனால் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்று பயம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.”

எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200-இல் மூன்றில் ஒரு பங்கு, 66 சொச்சம். மாதாமாதம் அவருக்கு விழுந்த துண்டு 60.